சூறாவளியில் இணையம் மொத்தமாக அறுந்த ஒரு தீவுக்கு, அதை மீட்கும் கருவிகளை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? எதை அனுப்புவது, எதில் அனுப்புவது, எங்கே சிக்கிக்கொள்ளும்?

சுருக்கமான பதில்: கருவி தீவை அடைவது பாதி வேலைகூட இல்லை. துறைமுகத்திலிருந்து மலையூருக்குப் போகும் கடைசி 40, 50 கிலோமீட்டரும், போய்ச் சேர்ந்த கருவிக்கு நாள்தோறும் மின்சாரமும்தான் முழுத் திட்டத்தையும் தீர்மானிக்கின்றன. அந்த இரண்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தால் எதை வாங்குவது, எதில் ஏற்றுவது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

கரீபியன் கடலில் உள்ள அமெரிக்க ஆட்சிப்பகுதியான புவேர்ட்டோ ரிக்கோ தீவையே எடுத்துக்கொள்வோம். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி, மணிக்கு சுமார் 250 கி.மீ. காற்றுடன் யபுகோவா அருகே கரையைக் கடந்தது. தீவு முழுக்க மின்சாரம் போனது. செல்பேசிக் கோபுரங்களில் 95 சதவீதம் செயலிழந்தன. அடுத்த சில நாட்களில் சான் ஹுவான் துறைமுகத்துக்கு நிவாரணப் பொருள்கள் வரத்தொடங்கிவிட்டன. ஆனால் ஆயிரக்கணக்கான கன்டெய்னர்கள் துறைமுகத்திலேயே தேங்கிக் கிடந்தன. காரணம் கப்பல் பற்றாக்குறை அல்ல. ட்ரக்குக்கு டீசல் இல்லை, ஓட்டுநரை அழைக்கத் தொலைபேசி இல்லை, வந்தாலும் சாலை இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே அமெரிக்கக் கப்பல்களே சரக்கேற்ற வேண்டும் என்ற ஜோன்ஸ் சட்டத்தை 10 நாள் தளர்த்தினார்கள். அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்பட்டது. துறைமுக வாசலில் இருந்த முட்டுக்கட்டையை அதனால் அசைக்க முடியவில்லை.

ஆகவே முதல் வேலை பெறுநரை உறுதிசெய்வது. அனுப்பும் சீட்டில் 'வந்ததும் அழைக்கவும்' என்று எழுதிப் பயனில்லை. அழைக்க வலைப்பின்னலே கிடையாது. பெறுநரிடம் சாட்டிலைட் போன் இருக்க வேண்டும். அதோடு, எந்தச் செய்தியும் வராவிட்டாலும் 'தினமும் காலை 9 மணிக்கு இந்தக் கிடங்கு வாசலில்' என்று ஒரு நிலையான சந்திப்பு இருக்க வேண்டும். வண்டியும் அதற்கான எரிபொருளும் கையில் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்ற பதில் வந்த பிறகே சரக்கைக் கிளப்புங்கள். சிறு நோட்டுகளாக ரொக்கமும் வேண்டும். மின்சாரமும் இணைப்பும் போனால் கார்டு இயந்திரமும் ஏடிஎம்மும் சேர்ந்தே போகும்.

கப்பலா விமானமா என்றால் இரண்டும்தான், ஆனால் வெவ்வேறு பொருளுக்கு. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லிலிருந்து சான் ஹுவானுக்குக் கன்டெய்னர் கப்பல் ஏறக்குறைய 3 நாளில் போகும், பார்ஜ் (இழுத்துச்செல்லும் தட்டைச் சரக்குப் படகு) என்றால் 5 நாள் ஆகும். ஃபைபர் கேபிள் உருளைகள், கம்பங்கள், பெரிய ஜெனரேட்டர்கள், ஈய-அமில பேட்டரிகள் எல்லாம் கடல்வழி. மோடம், ரேடியோ, சுவிட்ச், சிறிய டிஷ் எல்லாம் வான்வழி.

விமானச் சரக்கில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் பேட்டரி. தனியாக அனுப்பும் லித்தியம்-அயன் பேட்டரிகள், அதாவது அபாயப் பொருள்களுக்கான ஐ.நா. எண்ணில் யுஎன் 3480 வகை, 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் சரக்காகப் போக முடியாது. சரக்கு விமானத்தில் மட்டுமே போகலாம், அதுவும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. கருவிக்குள்ளேயோ கருவியோடு சேர்த்தோ பொதிந்தது யுஎன் 3481. அதற்கு விதிகள் வேறு. ஒரு பேலட்டில் (பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டு) 20 பெட்டி இருந்து, அதில் ஒன்றில் மட்டும் அறிவிக்காத பேட்டரி இருந்தால் 20 பெட்டியும் நின்றுவிடும். அதனால் பேட்டரிகளைத் தனிப் பேலட்டில், தனி ஆவணத்தோடு அனுப்புங்கள். ஜெனரேட்டரும் அப்படித்தான். ஊரில் ஒருமுறை பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்த்துவிட்டால், அது எரிபொருள் பட்ட இயந்திரமாகி அபாயப் பொருள் கணக்கில் சேர்ந்துவிடும். தொழிற்சாலைப் பெட்டியைப் பிரிக்காமல், எரிபொருள் ஊற்றப்படவில்லை என்ற கடிதத்தோடு அனுப்புவதே சுலபம்.

புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஆட்சிப்பகுதி என்பதால் ரேடியோ அனுமதி அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி கையில். வழக்கத்துக்கு மாறான அலைவரிசைக்கு அவர்களிடம் தற்காலிகச் சிறப்பு அனுமதி கேட்கலாம். கூகுளின் தாய் நிறுவனத்தின் லூன் பலூன்கள் 2017 அக்டோபரில் தீவுக்கு மேல் சுமார் 20 கி.மீ. உயரத்தில் மிதந்து செல்பேசிச் சேவை தந்தது இப்படிப் பெற்ற அனுமதியில்தான். தனி நாடான தீவு என்றால் சுங்கமும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு கருவிக்கும் மாடல், வரிசை எண், மதிப்பு, திரும்பக் கொண்டுபோவோமா விட்டுச்செல்வோமா என்பதைத் தனித்தனி வரியில் எழுதிய பட்டியலை, சரக்கு கிளம்பும் முன்பே அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்போது பொதியும் விதம். இதில் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பணம் செலவில்லாமல் பல நாட்களை மிச்சம் பிடிக்கும் இடம் இதுதான். மோடம் எல்லாம் ஒரு பெட்டி, கேபிள் எல்லாம் ஒரு பெட்டி என்று கிடங்கு முறையில் அடுக்காதீர்கள். ஒரு இடத்துக்கு ஒரு செட். அந்த செட்டைத் திறந்தால் அந்த இடம் முழுமையாக எழுந்து நிற்க வேண்டும். ஒரு பெட்டி 23 கிலோவைத் தாண்டக் கூடாது. விமானத்தில் சாதாரணப் பயணப்பெட்டியாகப் போகும், ஒருவர் தோளில் தூக்கலாம். உத்துவாடோ நகராட்சியின் ரியோ அபாஹோ பகுதியில் பாலம் அடித்துச் செல்லப்பட்ட பிறகு, ஊர்மக்கள் ஆற்றின் குறுக்கே கம்பிவடம் கட்டி, அதில் கடைகளில் தள்ளிச்செல்லும் சாமான் வண்டி ஒன்றைத் தொங்கவிட்டு, கயிற்றால் இழுத்துத் தண்ணீரும் சாப்பாடும் அக்கரை சேர்த்தார்கள். உங்கள் பெட்டி அந்த வண்டிக்குள் அடங்குமா? பொதியும்போது இந்த அளவுகோலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கருவியையும் கிளம்பும் முன்பே இணைத்து, ஐபி முகவரி கொடுத்து, ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றி, 24 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். தீவில் போய் ஃபர்ம்வேர் இறக்க இணையம் இருக்காது. உரிமத்தைச் சரிபார்க்கத் தாய் சர்வரைத் தேடும் கருவிகள் அங்கே கல்லாகிவிடும். அப்படிப்பட்டவற்றை வாங்கவே வேண்டாம். கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள், கருவியின் துளையிலும் அதே எண். கடவுச்சொல், இணைப்புப் படம், ஐபி பட்டியல் மூன்றையும் காகிதத்தில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். புவேர்ட்டோ ரிக்கோ என்றால் அந்தக் காகிதம் ஸ்பானிய மொழியில் இருக்க வேண்டும்.

செட்டில் இருப்பவை: சாட்டிலைட் டெர்மினல் (செயற்கைக்கோளோடு இணைக்கும் டிஷ்ஷும் மோடமும்) 1, 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ 1 ஜோடி, வெளிப்புற வைஃபை ஏபி (வைஃபை பரப்பும் பெட்டி) 2, 8 துளை சுவிட்ச் 1, வெளிப்புற கேட்6 நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர், அதில் மாட்டும் ஆர்ஜே45 முனை 50, முனையை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல், கேபிள் சோதிப்பான், மின்னல் தடுப்பான் 2, எஃகு வளையப் பட்டைகள், வெயில் தாங்கும் டை 200, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் 2 சுருள், காலி மணல்மூட்டைப் பைகள் 20. இந்தக் கடைசிப் பொருளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1.2 மீட்டர் டிஷ்ஷைத் துளையிடாமல் கூரையில் நிறுத்த 100 கிலோவுக்கு மேல் பாரம் வேண்டும். கான்கிரீட் கட்டியை விமானத்தில் ஏற்றாதீர்கள். பையைக் கொண்டுபோனால் போதும், மண் அங்கே இருக்கிறது.

2017இல் கையில் இருந்தது 36,000 கி.மீ. உயரத்துச் செயற்கைக்கோள்தான். சமிக்ஞை போய்வர 600 மில்லிசெகண்ட். செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் கேயு, கேஏ அலைவரிசைகளில் கனமழை வந்தால் இணைப்பு மங்கும். இப்போது தாழ்வான வட்டப்பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்களோடு பேசும் டெர்மினல்கள் வந்து அந்தத் தாமதத்தைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டன, டிஷ்ஷைத் திருப்பித் திருப்பிக் குறிபார்க்கும் வேலையும் போய்விட்டது. ஆனால் அவை வானத்தின் பெரும்பகுதி திறந்திருக்க வேண்டும் என்று கேட்கும், தொடர்ந்து 75 முதல் 100 வாட் வரை இழுக்கும், கணக்கு அந்தப் பகுதியில் வேலை செய்யும் திட்டத்தில் இருக்க வேண்டும். ஊரில் வாங்கிய திட்டத்தோடு தீவில் இறங்கிப் பார்த்தால் விளக்கு எரியும், இணையம் வராது.

ஒரு சாட்டிலைட் டெர்மினலிலிருந்து அடுத்த ஊருக்கு ரேடியோவில் கொண்டுபோகலாம். 20 கி.மீ. தூரம், 5.8 கிகாஹெர்ட்ஸ் என்றால் நடுவில் ஃப்ரெனெல் வட்டத்தின், அதாவது நேர்கோட்டைச் சுற்றி ரேடியோ அலைக்கு வேண்டிய வெளியின், ஆரம் 16 மீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது 10 மீட்டர் அளவுக்காவது இடையூறு இருக்கக் கூடாது. பூமியின் வளைவுக்கு இன்னும் 6 மீட்டர் சேருங்கள். இரு பக்கமும் 30 டிபிஐ (சமிக்ஞையைக் குவிக்கும் திறனின் அளவு) டிஷ், 20 டிபிஎம் (சமிக்ஞைச் சக்தியின் அளவு) சக்தி என்றால் கணக்குப்படி −54 டிபிஎம் வர வேண்டும். −75 வந்து இணைப்பும் கிடைத்துவிட்டால் 'ஓடுகிறதே' என்று இறங்கிவிடாதீர்கள். அது பெரும்பாலும் டிஷ்ஷின் முதன்மைக் கதிரை விட்டு, பலவீனமான பக்கக் கதிரில் பூட்டிக்கொண்டது; காற்று கொஞ்சம் அசைத்தாலே விழும். இன்னொரு விஷயம் மரங்கள். மரியா மலைக்காடுகளின் இலையை எல்லாம் உரித்துப்போட்டது. மொட்டைக் கிளைகளுக்கு ஊடே தெரியும் எதிர்க் கோபுரத்தைப் பார்த்து ரேடியோவைக் கட்டினால், சில வாரங்களில் துளிர்விடும் இலைகள் அந்த இணைப்பை மூடிவிடும்.

மின்சாரத்துக்கு வருவோம். மேலே சொன்ன செட் சராசரியாக 100 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 2,400 வாட்-அவர். 12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 600. ஒரு நாளுக்கு 4 பேட்டரி, ஏறக்குறைய 120 கிலோ. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 3 போதும், 36 கிலோ அளவில் முடியும். பதிலுக்கு மேலே சொன்ன விமான விதி குறுக்கே நிற்கும். சூரிய ஒளி நாளுக்கு 5 மணி நேரம், இழப்பு 30 சதவீதம் என்று வைத்தால் 700 வாட் பேனல் வேண்டும். 300 வாட் பேனல் 18 கிலோ எடையில் கதவளவு இருக்கும். 100 வாட் பேனல்கள் 7 எடுத்துப்போனால் சிறிய வண்டியிலும் ஏறும், ஒன்று உடைந்தாலும் ஆறு மிஞ்சும்.

ஜெனரேட்டரை மட்டும் நம்பும் திட்டங்கள் ஏன் இரண்டாம் வாரத்தில் படுக்கின்றன என்றால், சிறிய ஜெனரேட்டர்கள் 24 மணி நேர ஓட்டத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 2 கிலோவாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டருக்கு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும்; முதல்முறை 20 மணி நேரத்திலேயே. இடைவிடாமல் ஓட்டினால் 4 நாளுக்கு ஒருமுறை, நாளுக்கு 11 லிட்டர் பெட்ரோல். அதையே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும், 60 ஆம்பியர் சார்ஜரோடு, தினம் 5 மணி நேரம் ஓட்டுங்கள். செலவு 3, 4 லிட்டர். எண்ணெய் 20 நாளுக்கு ஒருமுறை. மக்கள் எரிபொருளுக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் ஊரில் இந்த வித்தியாசம்தான் இணைப்பு நீடிக்குமா என்பதைச் சொல்லும். எண்ணெய் 2 லிட்டர், ஸ்பார்க் பிளக் 2, காற்று வடிகட்டி 1, புனல் ஒன்று பெட்டியில் போடுங்கள். தடித்த சங்கிலியும் பூட்டும் வேண்டும்; ஆளில்லாத இடத்தில் ஜெனரேட்டர் இரவோடு போய்விடும்.

ஃபைபர் பற்றி ஒன்று மட்டும். ஒட்டிய ஃபைபர் மறுபடி அறுபடும். சாலையை மறித்த மரங்களை அகற்றுபவர்களின் ரம்பத்துக்கும், மின்கம்பம் நடுபவர்களின் இயந்திரத்துக்கும் தொங்கும் கருப்புக் கம்பி எல்லாம் ஒன்றுதான். புவேர்ட்டோ ரிக்கோவில் மீட்ட தடங்கள் இப்படித் திரும்பத் திரும்ப அறுந்தன. ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின், அறுந்த இடத்தைக் காட்டும் ஓடிடிஆர், முனையை நேராக வெட்டும் கிளீவர் ஆகியவற்றோடு, நினைத்ததைவிட இரண்டு மடங்கு ஸ்லீவும் (ஒட்டிய இடத்தை மூடும் உறை) இணைப்புப் பெட்டியும் கொண்டுபோங்கள். பளிச்சென்ற நிறத்தில் துணிப்பட்டைகளையும் கொண்டுபோய் 10 மீட்டருக்கு ஒன்று கட்டுங்கள்.

இணைப்பு எழுந்த முதல் மணி நேரத்தில் நடப்பது இது: 300 போன்கள் ஒன்றாக உள்ளே வந்து, செயலிகளைப் புதுப்பிக்கவும் படங்களை மேகத்தில் ஏற்றவும் தொடங்கும். 20 எம்பிபிஎஸ் தடம் மூச்சுத் திணறும். புதுப்பிப்பு சர்வர்களையும் வீடியோவையும் முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். ஒரு போனுக்கு 512 கேபிபிஎஸ் போதும், 'உயிரோடு இருக்கிறோம் அம்மா' என்ற செய்தியும் ஒரு குரல் பதிவும் போய்விடும். பெயர், மின்னஞ்சல் கேட்கும் நுழைவுப் பக்கம் வேண்டவே வேண்டாம். பல போன்களில் அது திறக்காது, செய்திச் செயலிகள் அதைத் தாண்டாமல் நின்றுவிடும். மருத்துவமனைக்கும் நகராட்சி அலுவலகத்துக்கும் தனி விலான் (அதே கருவிகளில் பிரித்து வைக்கும் தனி வலைப்பின்னல்), முன்னுரிமையோடு. போன் சார்ஜ் போடும் பலகையைத் தனி பேட்டரியில் வையுங்கள். இல்லாவிட்டால் மாலைக்குள் மோடம் அணைந்துவிடும்.

தீவைவிட்டுக் கிளம்பும் முன் உள்ளூரில் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க, அவர்கள் கையாலேயே ஒருமுறை எல்லாவற்றையும் அணைத்து மறுபடி எழுப்ப வேண்டும், ஜெனரேட்டரின் எண்ணெயை ஒருமுறை மாற்ற வேண்டும். அடுத்த எண்ணெய் மாற்றும் தேதியைப் பெட்டியின் மேலேயே பெயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள்.