முதல் கிளாஸுக்கு முன்னால் ஒரு போன்

நான் டாக்டர் இல்லை. 19 வருஷம் குடித்தவன், நிறுத்தி 11 வருஷம் ஆகிறது. நிறுத்த நினைக்கிறவர்களோடு வாரா வாரம் உட்கார்ந்து பேசுகிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கேள்விகளை வாங்கிக்கொண்டேன்; ஒவ்வொன்றுக்கும் அடியில் என் பதில் இருக்கிறது. மருந்து பற்றி நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணா, நான் தினமும் குடிப்பதில்லை. வாரத்தில் ஒரு நாள்தான். ஆனால் அன்றைக்கு ஆரம்பித்தால் நினைவு தப்புகிற வரைக்கும் போகிறது. நானும் குடிநோயாளியா?

பெயர் அப்புறம் இருக்கட்டும் தம்பி. இரண்டே மணி நேரத்துக்குள் ஆண்கள் 5, பெண்கள் 4 டிரிங்க்கைத் தொட்டாலே அதை அளவுமீறிய குடி என்று கணக்கு வைக்கிறார்கள். ஒரு டிரிங்க் என்பது சுமார் 45 மில்லி விஸ்கி, பிராந்தி வகை, அல்லது 350 மில்லி சாதாரண பீர். அந்த ஒரு நாளில் நீங்கள் அதைப்போல் எத்தனை மடங்கு போகிறீர்கள் என்று நேர்மையாகக் கணக்குப் போடுங்கள்.

அடுத்து அந்த நினைவு தப்புகிற விஷயம். "மறந்துபோச்சு" என்று சொல்கிறோமே, மறக்கவே இல்லை; அந்த நேரத்தை மூளை பதியவே இல்லை. நடக்கிறீர்கள், பேசுகிறீர்கள், வண்டி கூட ஓட்டியிருப்பீர்கள், ஆனால் எதுவும் உள்ளே எழுதப்படவில்லை. எனக்கு அப்படி இருபது ராத்திரிகளாவது காணாமல் போயிருக்கின்றன. அதில் ஒரு ராத்திரியில் என் மகள் என்னைப் பார்த்து அழுதிருக்கிறாள். அவளுக்கு நினைவிருக்கிறது, எனக்கு இல்லை.

உங்களிடம் ஒன்றுதான் கேட்பேன். இரண்டோடு எழுந்து வந்துவிடுவேன் என்று போன நாட்களில், எத்தனை தடவை இரண்டோடு எழுந்து வந்தீர்கள்? எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறோம் என்பதைவிட, முதல் கிளாஸ் உள்ளே போனபிறகு யார் கையில் கடிவாளம் இருக்கிறது என்பதுதான் விஷயம். நம்மைப் போன்றவர்களுக்குத் தேர்வு செய்யும் உரிமை அந்த முதல் கிளாஸுக்கு முன்னால் வரைதான் இருக்கிறது. ஆடிட் என்று உலக சுகாதார நிறுவனம் தயாரித்த 10 கேள்விகள் கொண்ட பரிசோதனை இருக்கிறது. 8 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

தினமும் குடிக்கிறேன். காலையில் கை நடுங்கினால் கொஞ்சம் குடித்தால்தான் நிற்கிறது. நாளையிலிருந்து சுத்தமாக நிறுத்தப் போகிறேன். வாழ்த்துங்கள்.

வாழ்த்துகிறேன் ஐயா, ஆனால் தனியாக நிறுத்தாதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

மது மூளையை அமுக்குகிறது. வருஷக்கணக்காக அமுக்கினால் மூளையும் அதற்கு எதிராகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்கு ஆள் தெரியாமல், இல்லாததைப் பார்த்து, காய்ச்சலோடு பிதற்றுகிற நிலை வரும். டெலீரியம் டிரெமென்ஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ஹெராயின் எடுக்கிறவர் நிறுத்தும்போது படுகிற வேதனை பெரிது, ஆனால் நிறுத்தியதாலேயே சாகிற ஆபத்து மதுவில்தான் அதிகம். பலருக்கு இது தெரியவில்லை.

அதனால் முதலில் மருத்துவமனை. சில நாட்களுக்கு மட்டும் மருந்து கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து உங்களை இறக்கிவிடுவார்கள். தயாமின் என்கிற பி1 வைட்டமினையும் கொடுப்பார்கள். நீண்ட நாள் குடித்தவர்களின் உடம்பில் அது வற்றியிருக்கும், வற்றினால் மூளை நிரந்தரமாகக் கெடலாம். காலையில் நடுக்கம் வருகிறது, முன்பு ஒருமுறை வலிப்பு வந்தது என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் பாதியாகக் குறைத்துச் சொல்லாதீர்கள். நான் அப்படிச் சொன்னேன், அதனால் எனக்குக் கொடுத்த மருந்தும் போதாமல் போனது.

கறுப்புக் காப்பி, பச்சைத் தண்ணீர்க் குளியல் இரண்டும் போதையை இறக்குமா?

இறக்காது. மணிக்குச் சுமார் ஒரு டிரிங்க் என்ற கணக்கில்தான் ஈரல் வேலை செய்யும், அதை எதனாலும் முடுக்க முடியாது. காப்பி குடித்தவர் விழித்திருக்கிற போதைக்காரர், அவ்வளவுதான். சாவியைக் கையில் கொடுக்காதீர்கள்.

அண்ணா, என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருக்கிறதாம். கொடுக்கலாமா?

கொடுக்காதேம்மா. நீ எவ்வளவு தாங்கமுடியாமல் இதைக் கேட்கிறாய் என்று எனக்குப் புரிகிறது. நீ சொல்வது டைசல்ஃபிராமாக இருக்கும். அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு அடிக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். அந்தப் பயம்தான் மருந்தின் வேலையே. தான் எடுக்கிறோம் என்று தெரியாதவருக்கு அந்தப் பயம் எங்கிருந்து வரும்? வழக்கம்போலக் குடிப்பார். இதயம் பலவீனமாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அது உடம்பில் வேலை செய்யும். அவர் சம்மதித்து, பரிசோதனை செய்து, மருத்துவர் கொடுத்தால் நல்ல மருந்து. குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் உண்டு.

உனக்கும் ஒன்று. குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பு 1951 முதல் இருக்கிறது. அவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீ போகலாம். அடிக்கிறார் என்றால், முதலில் நீயும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான்கு மாதம் தொடவில்லை. போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் ஒரு கிளாஸ். பிறகு மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. எல்லாம் போச்சு.

எது போச்சு? நான்கு மாதம் உன் ஈரலும் மூளையும் ஓய்வெடுத்தன, அதை யாரும் திருப்பி வாங்கமுடியாது. அந்த நான்கு மாதத்தில் மாலை நேரத்தை எப்படிக் கழிப்பது என்று கற்றுக்கொண்டாய், அதுவும் உன்னிடம்தான் இருக்கிறது.

அந்த ஒரு கிளாஸையும் மூன்று நாளையும் தனித்தனியாகப் பார். கிளாஸ் ஒரு சறுக்கல். மூன்று நாளுக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதில் மதுவின் பங்கு பாதி என்றால், "இனி என்ன இருக்கிறது, எல்லாம் கெட்டது" என்ற நினைப்பின் பங்கு மீதிப் பாதி. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார்: விரதம் முறிந்த குற்ற உணர்ச்சியே ஆளை மேலும் குடிக்க வைக்கிறது. அதனால் உன்னைத் திட்டிக்கொள்வதை இப்போதைக்கு நிறுத்து. உடம்பு எப்படி இருக்கிறது? நடுக்கம் இருந்தால் மருத்துவரிடம் போ.

பிறகு அந்தக் கல்யாண நாளை எழுத உட்கார். காலையில் சாப்பிட்டாயா? யாரோடு பேசிக் கசப்பானது? யார் கிளாஸை நீட்டினார்? அந்த நேரத்தில் யாருக்குப் போன் செய்திருக்கலாம், ஏன் செய்யவில்லை? எங்கள் கூட்டத்தில் சறுக்கியவர்களிடம் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "குடித்த பிறகு செய்யலாம் என்று நினைத்தேன்." குடித்த பிறகு வருகிற போனையும் நான் எடுப்பேன். ஆனால் அப்போது நான் உன்னோடு பேசவில்லை, மதுவோடு பேசுகிறேன்.

சாயங்காலம் ஆனால் மனசு இழுக்கிறது. என்னதான் செய்வது?

பசி, கோபம், தனிமை, அசதி. இழுப்பு வரும்போது இந்த நான்கில் எது என்று கேளுங்கள். பல நாள் வெறும் பசிதான் காரணமாக இருக்கும். சாப்பிடுங்கள். இழுப்பு அலைபோல ஏறி இறங்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், அந்த அரை மணியைக் கடத்தினால் போதும். நான் முதல் வருஷம் முழுக்க அந்த நேரத்தில் நடந்தேன்.

கூட்டத்துக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே? கடவுள் நம்பிக்கையும் எனக்கு இல்லை.

அங்கே பார்க்கிறவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள், ஒருவர் பங்குத் தரகு உலகத்தவர், இன்னொருவர் அறுவை மருத்துவர், ஒருவருக்கொருவர் பேசியே குடிக்காமல் இருந்ததில் தொடங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. உறுப்பினராக ஒரே தகுதி, நிறுத்தவேண்டும் என்ற ஆசை. கட்டணம் கிடையாது, முழுப்பெயரும் சொல்லவேண்டியதில்லை. கடவுள் என்ற சொல் அங்கே வரும், உண்மைதான். எனக்கு அந்தக் கூட்டமே கடவுளுக்குப் பதிலாக இருந்தது. அது ஒத்துவராது என்றால் மதச் சார்பில்லாத ஸ்மார்ட் ரெக்கவரி என்ற அமைப்பு இருக்கிறது. 2020-ல், மருத்துவ ஆய்வுகளை அலசி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏஏ-வும் அதனோடு இணைத்துவிடும் முறைப்படியான சிகிச்சைகளும் மற்ற சிகிச்சைகளைவிட மேலாக நின்றன.

அண்ணா, நான் ஒரு பெண். ஆண்கள் நிறைந்த அறையில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

வரவேண்டியதில்லை தங்கச்சி. பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் இருக்கின்றன, இணையவழியிலும் நடக்கின்றன. முதல் நாள் கேட்டுவிட்டு மட்டும் வரலாம். மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடாதே. அதே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் மது கூடுதலாக ஏறும், ஈரல் சீக்கிரம் கெடும். உன்னை யாராவது "பொம்பளை குடிக்கலாமா" என்று கேட்டால் அவருக்கு நீ பதில் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை.

இப்போது ராத்திரி பதினொன்று. பாட்டில் முன்னால் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. வாரக்கடைசியில் மட்டும் குடிப்பவன்.

திறக்காமல் எழுதினாயே, நல்லது. கழுவும் தொட்டியில் ஊற்று. ஊற்ற மனசு வரவில்லையென்றால் அதை அங்கேயே விட்டுவிட்டு அறையைவிட்டு வெளியே வா. ஏதாவது சாப்பிடு. உன் எண்ணைத் தனியாக அனுப்பு, நானே கூப்பிடுகிறேன். விழித்துத்தான் இருக்கிறேன்.