மெட்டல் கார் மாடல் உடைஞ்சா எந்தப் பசை? முதல்ல பெயிண்ட்டைச் சுரண்டுங்க

மதுரைப் பக்கத்துலேர்ந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். பையனோட 1:18 டைகாஸ்ட் கார் (நிஜக் காரோட பதினெட்டுல ஒரு பங்கு அளவுல, உருக்கின மெட்டலை அச்சுல வார்த்துச் செஞ்ச மாடல்) அலமாரியிலேர்ந்து விழுந்து டிரைவர் பக்க கதவோட ஹிஞ்ச், அதாவது கீல் கம்பி முறிஞ்சிருச்சு, சைடு மிர்ரரும் கழண்டு வந்துருச்சு. ஃபெவிக்விக் போட்டா ரெண்டு நாள்ல திரும்ப விழுதாம். கடையில "மெட்டலுக்குன்னே வர்ற இம்போர்ட்டட் க்ளூ, 850 ரூபா"ன்னு சொல்றாங்களாம். வாங்கலாமா, ஒட்டினா பையன் மறுபடி விளையாடலாமான்னு கேக்குறார்.

வாங்காதீங்க சார். மெட்டலுக்குன்னு தனியா ஒரு மந்திரப் பசை கிடையாது. அந்தப் பேர்ல விக்கிறதுல முக்கால்வாசி ரெண்டே ஜாதிதான். ஒண்ணு நீங்க ஏற்கெனவே போட்டுப் பார்த்த ஃபெவிக்விக் வகை, இன்னொண்ணு ரெண்டு ட்யூபைக் கலந்து போடுற ஈபாக்ஸி. உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது, தெருமுனை ஹார்டுவேர் கடையில கிடைக்கிற சாதாரண அரால்டைட்டே போதும். அஞ்சு நிமிஷத்துல காயுற பேக் வேண்டாம், மெதுவா காயுற ஸ்டாண்டர்டு பேக்கைக் கேட்டு வாங்குங்க, மெதுவா காயுறதுதான் பலமா நிக்கும்.

ஃபெவிக்விக் ஏன் நிக்கலன்னா, அது காஞ்சதும் கண்ணாடி மாதிரி மொறுமொறுன்னு ஆயிடும். நேரா இழுத்தா தாங்கும், ஆனா ஒரு தட்டு, ஒரு நெம்பு போதும், பட்டுன்னு விட்டுரும். கதவு ஹிஞ்ச்ல நடக்குறதே நெம்புறதுதான், பையன் கதவு நுனியை ஒரு விரலால தள்ளினாலும் அந்த ரெண்டு மில்லிமீட்டர் கம்பியில அது பல மடங்கு பாரமா வந்து விழும். மிர்ரர் விழுந்ததுக்குக் காரணம் வேற. அதை நீங்க ஒட்டினது மெட்டல் மேல இல்ல, பெயிண்ட் மேல. விழுந்த மிர்ரரோட அடியைத் திருப்பிப் பாருங்க, கார் கலர்ல மெல்லிசா ஒரு தோல் ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். பசை விடல, பெயிண்ட்தான் உரிஞ்சு வந்திருக்கு. பெயிண்ட்டுக்கு மேல எந்த நாட்டு க்ளூ போட்டாலும் பெயிண்ட் எவ்வளவு தாங்குதோ அவ்வளவுதான் தாங்கும்.

இப்ப வேலைக்கு வருவோம். பழைய ஃபெவிக்விக் எச்சத்தை ப்ளேடால முழுசா சுரண்டி எடுங்க, அது மிச்சம் இருந்தா அரால்டைட் அதுமேலதான் ஒட்டும், மெட்டல்ல ஒட்டாது. நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, அசிட்டோன் இருக்கிறது பெயிண்ட்டையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தின்னுரும். பசை படப்போற இடத்துல மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டி, 220 நம்பர் எமரி ஷீட்டால சொரசொரப்பா தேய்ச்சு, செல்போன் சர்வீஸ் பண்றவங்க வச்சிருக்கிற ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை இயர்பட்ஸ்ல தொட்டுத் துடைங்க. துடைச்ச இடத்துல விரல் வைக்காதீங்க, நம்ம கை எண்ணெயே எதிரி.

ஹிஞ்ச் கம்பியை முனைக்கு முனை ஒட்டினா எந்தப் பசையும் நிக்காது. முறிஞ்ச முனையைப் பார்த்தீங்கன்னா சாம்பல் கலர்ல மணல் மணலா தெரியும், அது இரும்பு இல்ல, ஸிங்க் (துத்தநாகம்) கலவை வார்ப்பு. ரெண்டு பக்கமும் 0.8 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டால கையாலயே மெதுவா திருகி ஓட்டை போட்டு, தலை வெட்டின குண்டூசியை உள்ள விட்டு ஈபாக்ஸி வச்சு மூடுங்க. ஓட்டை போடுற அளவுக்குத் தடிமன் இல்லன்னா, கை முறிஞ்சா மூங்கில் பத்தை வச்சுக் கட்டுற மாதிரி, வெளிய தெரியாத பக்கமா அதே குண்டூசியைப் படுக்க வச்சு சுத்தியும் பசை பூசுங்க. யாராச்சும் "வெல்டிங் பட்டறையில குடுங்க, ஒரு புள்ளி வச்சுத் தருவாங்க"ன்னு சொன்னா கேக்காதீங்க, இந்தக் கலவை 380 டிகிரி சொச்சத்துலயே உருகிடும், கதவு கதவா திரும்பி வராது.

கலக்குறப்ப ரெண்டு ட்யூப்லேர்ந்தும் சம அளவு. சீக்கிரம் காயட்டும்னு ஹார்டனரை, அதாவது பசையை இறுக வைக்கிற ட்யூபைக் கூடுதலா விடுற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய பேருக்கு இருக்கு, அப்படிப் பண்ணா மேல காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள சவசவன்னுதான் இருக்கும். பழைய விசிட்டிங் கார்டு மேல வச்சு நிறம் ஒரே மாதிரி ஆகுற வரைக்கும் பல்குச்சியால கலக்குங்க, க்ளவுஸ் போட்டுக்கிட்டா நல்லது.

மிர்ரர் சின்னது, பாரமே இல்ல, அதுக்கு ஃபெவிக்விக் போதாதான்னு நீங்க நினைப்பீங்க. வேற இடமா இருந்தா சரின்னு சொல்லுவேன், பின்னாடி ஒட்டுற பேர் எழுத்து, குட்டி எம்பளம் இதுக்கெல்லாம் அதுதான் வசதி. ஆனா மிர்ரர் இருக்கிறது ஜன்னல் கண்ணாடிக்குப் பக்கத்துல. ஃபெவிக்விக் காயுறப்ப ஒரு ஆவி கிளம்பும், அது பக்கத்துல இருக்கிற ட்ரான்ஸ்பரன்ட் பிளாஸ்டிக்லயும் குரோம்லயும் படிஞ்சு வெள்ளையா பனி மூடின மாதிரி ஆக்கிடும், காத்துல ஈரம் இருந்தா இன்னும் மோசம். போலீஸ்ல கைரேகை எடுக்க இந்த ஆவியைத்தான் பயன்படுத்துறாங்க, ரேகையில இருக்கிற ஈரத்துலயும் உப்புலயும் போய் வெள்ளையா படியும். அதே வேலையை உங்க கார் கண்ணாடியிலயும் அது பண்ணும், உங்க விரல் ரேகை ஜன்னல்ல பளிச்சுன்னு தெரியும், துடைச்சா லேசுல போகாது. அதனால கண்ணாடி, ஹெட்லைட், குரோம் பம்பர் இதுக்குப் பக்கத்துல எவ்வளவு சின்ன வேலைன்னாலும் ஃபெவிக்விக் வேண்டாம், ஒரு பல்குச்சி நுனி அளவு ஈபாக்ஸி போதும். ஜன்னல் கண்ணாடியே கழண்டா அதுக்கு ஈபாக்ஸியும் வேண்டாம், வெள்ளை ஃபெவிகால், காஞ்சா கண்ணுக்குத் தெரியாது.

அந்த 850 ரூபா ட்யூபைப் பத்தி இன்னும் ஒண்ணு சொல்லணும். பாக்கெட்ல இறக்குமதி பண்ணவர் பேரும் முகவரியும், தயாரிச்ச மாசம் வருஷம், எம்ஆர்பி எல்லாம் இருக்கான்னு பாருங்க. 2011ம் வருஷ பாக்கெட் பொருள் விதிகள்ல இதெல்லாம் போட்டே ஆகணும்னு இருக்கு. ஆனா போய்ப் பாருங்க, புரியாத எழுத்துல ஒரு லேபிள், மேல "சூப்பர் மெட்டல்"னு ஒரு ஸ்டிக்கர், உள்ள என்ன ரசாயனம்னு ஒரு வரி இருக்காது. யாரு செக் பண்றாங்க? ஆயிரக்கணக்குல விலை வச்சு காரை விக்கிறாங்க, ஒரு சைடு மிர்ரர் ஸ்பேர் கேட்டா கடையில கையை விரிச்சிடுறாங்க, அந்த இடைவெளியிலதான் இந்த வியாபாரம் ஓடுது. "ரிப்பேர் பண்ணித் தர்றேன்"னு வாங்குறவங்ககிட்டயும் உஷாரா இருங்க, கொஞ்சம் ஃபெவிக்விக், மேல டச்சப் பெயிண்ட், பார்க்க புதுசு மாதிரி, ஒரு வாரத்துல பழைய கதை. எந்தப் பசை போடுறீங்க, பெயிண்ட்டைச் சுரண்டுனீங்களான்னு கேளுங்க, ரெண்டுக்கும் நேரா பதில் வரலன்னா குடுக்காதீங்க.

ஒட்டினதும் கதவை மூடின நிலையில ரப்பர் பேண்ட் போட்டு, பிதுங்கின பசையை அது காயுறதுக்கு முன்னாடியே ஆல்கஹால் தொட்ட இயர்பட்ஸால துடைச்சிட்டு, 24 மணி நேரம் தொடாதீங்க. ஹிஞ்ச் சுத்துற பொந்துக்குள்ள மட்டும் ஒரு சொட்டு போனாலும் கதவு நிரந்தரமா மூடிக்கும், அங்க முன்னாடியே லேசா வாஸ்லின் தடவி வைங்க, ஆனா ஒட்டுற இடத்துல அது பட்டுரக்கூடாது. பையன் கதவை மெதுவா திறந்து மூடலாம், அதுக்குத் தாங்கும். தரையில ஓட்டி சுவத்துல மோத விடுறதுக்கு இந்த கார் இனி ஆகாது, அதுக்கு வேற வாங்கிக் குடுங்க.