அமெரிக்க வாக்காளர் பதிவுப் படிவத்தில் எந்தக் கட்சி என்று கேட்கிறார்களே, முதல் முறை வாக்களிக்கும் நான் என்ன எழுதுவது?

எதை எழுதினாலும் நவம்பர் பொதுத்தேர்தலில் விரும்பியவருக்கே வாக்களிக்கலாம், சந்தாவும் கிடையாது. அந்தப் பதிவு தேவைப்படுவது, கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில். பென்சில்வேனியாவில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அக்கட்சியிலேயே பதிந்திருக்க வேண்டும். குடியரசுக் கட்சிக்கும் அப்படித்தான். அங்கே கட்சி மாற்றுவதென்றால் முதனிலைத் தேர்தலுக்கு 15 நாள் முன்பே மாற்றிவிடுங்கள். டெக்சாஸ் படிவத்தில் இந்தக் கேள்வியே இல்லை.

கலிபோர்னியாவில் மட்டும் மிகக் கவனம். கட்சிப் பட்டியலில் 'அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்' என்று ஒரு பெயர் வரும். கட்சி சாராதவர் என்று நினைத்துப் பலர் அதைக் குறித்துவிடுகிறார்கள். அது தனிக் கட்சி. 1968-ல் இனப்பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸை அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. எந்தக் கட்சியும் வேண்டாம் என்பவர்களுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதைக் குறியுங்கள்.