வேகமாக ஓடும் பிள்ளை கிரவுண்டுக்கு வர மறுத்தால்: கேள்வி பதில்

12 முதல் 18 வயது வரை, 100, 200, 400 மீட்டர். இதற்குள் வரும் கேள்விகளுக்கு மட்டும் பதில். காயத்துக்கு டாக்டரைப் பாருங்கள்.

பி.இ.டி. ஆசிரியர், நாமக்கல்: 15 வயதுப் பையன். மாவட்டப் போட்டியில் 100 மீட்டர் 11.3 நொடி. மாநிலத்தில் 11.82. அன்றிலிருந்து கிரவுண்டுப் பக்கமே வருவதில்லை. எவ்வளவோ எடுத்துச் சொல்லிவிட்டேன்.

எடுத்துச் சொன்னது போதும் சார், ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மாவட்டத்தில் ஸ்டாப்வாட்ச், மாநிலத்தில் எலக்ட்ரானிக் டைமிங் என்று எடுத்துக்கொள்கிறேன். கையால் எடுத்த நேரத்தோடு 0.24 நொடி கூட்டினால்தான் இரண்டையும் ஒப்பிடவே முடியும். 11.54 ஆயிற்றா? அடுத்து, வாட்சை அமுக்கியவர் துப்பாக்கிப் புகையைப் பார்த்தாரா, சத்தத்தைக் கேட்டாரா? சத்தம் 100 மீட்டர் கடந்து முடிவுக்கோட்டுக்கு வர ஏறக்குறைய 0.29 நொடி ஆகும். புகையே இல்லாத விசிலோ கிளாப்போ வைத்து ஓட்டியிருந்தால் அதையும் கூட்டுங்கள்: 11.83. பையன் பின்னால் போகவே இல்லை. நடக்காத தோல்விக்குத்தான் இத்தனை அறிவுரையும்.

இனி இரண்டு மாதம் 100 மீட்டருக்கு வாட்சே எடுக்க வேண்டாம். நின்ற நிலையிலிருந்து 30 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவது, இரண்டை மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குறித்துவையுங்கள். மாதாமாதம் உயரத்தையும் அளந்துவிடுங்கள். மாதம் முக்கால் சென்டிமீட்டர் வளர்கிறான் என்றால் அது வேகமான வளர்ச்சி. கால் நீண்டிருக்கும், ஆனால் அந்த நீளம் இன்னும் அவன் சொன்னபடி கேட்காது. ஸ்டார்ட் தடுமாறும், முழங்காலுக்குக் கீழே எலும்பு முனையிலும் குதிகாலிலும் வலி வரலாம். அந்த மாதங்களில் தாவல் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள்.

ஓர் அம்மா, மதுரை: 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் என் மகள்தான் முதலிடம். இப்போது 15. அப்போது இவளிடம் தோற்றவர்கள் இவளை ஜெயிக்கிறார்கள். "திறமை போயிடுச்சும்மா" என்று அழுகிறாள்.

திறமை எங்கேயும் போகாது அம்மா. சீக்கிரம் வளர்ந்த பிள்ளைகள் 12, 13 வயதில் முன்னால் நிற்பார்கள். மற்றவர்கள் வளர்ந்து எட்டிப்பிடிப்பது இயற்கை. பருவ மாற்றத்துக்குப் பிறகு பெண் பிள்ளைகளின் நேரம் ஓரிரு வருடம் அசையாமல் நிற்பதும் வழக்கம். உசேன் போல்ட் 2002-ல் 15 வயதில் உலக ஜூனியர் 200 மீட்டர் பட்டம் வென்றார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் சுற்றோடு வெளியேறினார். 2008-க்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து குறைந்த பிள்ளை சோம்பேறி மாதிரிதான் தெரியும். மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் பயிற்சியைக் குறைத்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். எடையைப் பற்றி கிரவுண்டில் யாரும் பேசக்கூடாது, பயிற்சியாளர் உட்பட.

ஓர் அப்பா, கரூர்: ஆர்வம் வர எந்தப் புரோட்டீன் பவுடர் நல்லது?

முட்டை, பயறு, பால், கடலை.

பயிற்சியாளர், சேலம்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உழைப்பு கிடையாது. தினமும் காலையில் 5 கி.மீ. ஓடவிட்டால் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள்.

நிற்கத்தான் செய்வார்கள். 100 மீட்டர் ஓடுபவனுக்கு எதற்கு 5 கி.மீ.? முழுவேகத்தில் பாதம் தரையில் படுவது நொடியில் பத்தில் ஒரு பங்கு. மெதுவோட்டத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். தினமும் நீங்கள் பழக்குவது மெதுவாக மிதிப்பதை. இன்னொன்றையும் யோசியுங்கள்: ஊரிலேயே வேகமான பிள்ளை என்று கூட்டிவந்தவன், உங்கள் கிரவுண்டில் தினமும் காலையில் கடைசியாக வந்து சேருகிறான். யாருக்குத்தான் பிடிக்கும்?

அவரே: நாங்களெல்லாம் அப்படி ஓடித்தான் சார் மெடல் வாங்கினோம்.

மெடல் வாங்கியவர்கள் பேசுகிறீர்கள். நின்றுபோனவர்கள் இங்கே கேள்வி கேட்க வரவில்லை.

பயிற்சியாளர், தூத்துக்குடி: 400 மீட்டருக்கு ஸ்டாமினா வேண்டாமா அண்ணா?

வேண்டும் தம்பி. அதற்குப் புல்தரையில் 100 மீட்டர் பத்து முறை, முழுவேகத்தில் 70 சதவீதம், நடுவில் 45 நொடி நடை. வேகப் பயிற்சிக்கு மறுநாள், வாரம் இரண்டு தடவை. 5 கி.மீ. அப்போதும் வேண்டாம்.

பி.இ.டி. ஆசிரியை, திருவாரூர்: வேகப் பயிற்சிக்கு 10 மீட்டருக்கு ஒரு நிமிடம் ஓய்வு என்கிறீர்கள். என்னிடம் 40 பிள்ளைகள், ஒரு கிரவுண்டு. 30 மீட்டர் ஓடிவிட்டு 3 நிமிடம் சும்மா நின்றால் சந்தைக்கடைதான்.

நல்ல கேள்வி மேடம். ஐந்து ஐந்து பேராக எட்டு வரிசை. 25 நொடிக்கு ஒரு வரிசையை 30 மீட்டர் விடுங்கள். முதல் வரிசைக்கு மறுபடி முறை வரும்போது 3 நிமிடம் 20 நொடி ஆகியிருக்கும். திரும்பி நடந்து வருவதும் வரிசையில் நிற்பதும்தான் ஓய்வு. ஆறு சுற்றோடு முடித்துவிடுங்கள். இன்னொரு சுற்று கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

12-ஆம் வகுப்பு மாணவி: பப்ளிக் எக்ஸாம் வருகிறது, ஓட்டத்தை விட்டுவிடவா?

விட வேண்டாம் பாப்பா, குறைத்துக்கொள். வாரம் இரண்டு நாள், 45 நிமிடம்: 15 நிமிடம் வார்ம்-அப், 30 மீட்டர் நான்கு, 60 மீட்டர் இரண்டு. தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது.

ஓர் அப்பா, ஈரோடு: பவுடர் வேண்டாம் என்றால் சத்து ஊசி, ட்ரிப்ஸ் போடலாமா?

இதே கேள்வி எத்தனை வடிவத்தில்தான் வரும்! ஆஸ்பத்திரி சிகிச்சைக்காக இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் ட்ரிப்ஸ் ஏற்றினால், உள்ளே என்ன இருந்தாலும் ஊக்கமருந்து விதிப்படி குற்றம். பவுடரில் லேபிளில் இல்லாதது கலந்திருந்தாலும் மாட்டுவது பிள்ளைதான். இனி இதைக் கேட்டால் பதில் கிடையாது.

பயிற்சியாளர், கோவை: ஒரு பெண் உறுதியாக விலகுகிறேன் என்கிறாள். என்ன செய்ய?

பெற்றோர் இல்லாமல் ஒருமுறை தனியாகக் கேளுங்கள், பார்வையில் இன்னொரு ஆசிரியை இருக்கட்டும். அப்போதும் அதையே சொன்னால் விட்டுவிடுங்கள். கல்லூரி விளையாட்டு இடஒதுக்கீட்டுக்கு வேண்டிய அசல் சான்றிதழ்களை அன்றே கையில் கொடுங்கள். அதைப் பிடித்துவைத்து வரவழைக்கும் வேலை வேண்டாம். பிறகு திரும்பி வந்தால் முதல் இரண்டு வாரம் ஸ்பைக்ஸும் (ஆணி வைத்த ஷூ) ஸ்டார்ட்டிங் பிளாக்கும் கிடையாது, முழுவேகமும் கிடையாது. அவசரப்பட்டால் தொடைப் பின்தசை கிழியலாம்.