இட்லியில் மாத்திரை கலக்க வேண்டாம்

கேள்வி: தாராவியில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். சயான் ஸ்டேஷன் பக்கம் பாலத்தடியில் மூன்று மாதமாக ஒருவர் தனக்குத்தானே தமிழில் பேசிக்கொண்டு கிடக்கிறார். கொடுத்தால் சாப்பிடுவார். ஆஸ்பத்திரி என்றாலே எழுந்து போய்விடுகிறார். இட்லியில் மாத்திரை கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. எந்த மாத்திரை, எவ்வளவு, அவருக்கு வேறென்ன நோய் என்று எதுவுமே தெரியாது. கண்டுபிடித்துவிட்டால் உங்கள் இட்லியையும் தொட மாட்டார். இன்று அவருக்கு இருக்கும் ஒரே பிடி அதுதான்.

உங்களிடம் மருந்தைவிட அவசரமாகத் தேவைப்படும் ஒன்று இருக்கிறது: தமிழ். மும்பை டாக்டர் இந்தியிலோ மராத்தியிலோ கேட்பார். மொழி புரியாமல் இவர் விழிப்பதே நோயின் அறிகுறி என்று எழுதப்பட்டுவிடலாம். தினமும் அதே நேரத்துக்குப் போய், சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் உட்காருங்கள். ஊர், பேர் விசாரணை வேண்டாம். "அண்ணே, சட்னி காரமா இருக்கா?" போதும். "காதுல எவனோ பேசுறான்" என்றால் மறுக்கவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்குக் கேக்கல. ஆனா நீங்க தூங்கியே ரொம்ப நாளானமாதிரி இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சில் தானாக விழும் ஊர்ப்பெயர், கோயில், தெரு எதையும் குறித்து வையுங்கள். மும்பைக்கு வெளியே கர்ஜத்தில், மனநோயோடு தெருவில் கிடப்பவர்களுக்கான சிரத்தா மறுவாழ்வு மையம் நடத்தி, 2018இல் மகசேசே விருது பெற்ற டாக்டர் பரத் வாட்வானி, அவர்களுக்குச் சிகிச்சை தந்து ஊர் சேர்ப்பதையே வேலையாக வைத்திருப்பவர். அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். வீட்டுக்குப் பயந்து ஓடி வந்தவராகவும் இருக்கலாமே.

பேச்சு திடீரெனக் குழறினால், காய்ச்சலோ தலைக்காயமோ இருந்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்றால் போலீசிடம் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவைச் சொல்லுங்கள். அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்; லாக்கப்பில் வைக்கக் கூடாது; காணாமல்போனவர் என்று எஃப்ஐஆர் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். இது தெரியாத காவலர்கள் உண்டு, பொறுமையாகச் சொல்லுங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசில்லை.

மருத்துவமனைக்குப் போகும் நாளில் கூடவே போங்கள், மொழிபெயர்க்க ஆள் வேண்டும். அன்றைக்குக் கடை அரை நாள் மூடித்தான் இருக்கும்.