இசட் இசட் டாப் நிஜமாகவே ப்ளூஸ் குழுதானா? 80களின் பாட்டுகளைக் கேட்டால் அப்படித் தெரியவில்லையே?

ப்ளூஸில், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை மரபில், வேர்விட்ட ராக் குழுதான், சந்தேகமே வேண்டாம். 1969இல் டெக்சாஸின் ஹூஸ்டனில் கிதார்க்காரர் பில்லி கிப்பன்ஸ் தொடங்கியது. சீக்கிரமே பேஸ் கிதாருக்கு டஸ்டி ஹில்லும் டிரம்ஸுக்கு ஃபிராங்க் பியர்டும் வந்து சேர்ந்தார்கள். 1973இல் வந்த 'லா கிராஞ்ச்' பாட்டைக் கேளுங்கள்: ப்ளூஸ் கலைஞர் ஜான் லீ ஹூக்கரின் துள்ளலான பூகி தாளம் அப்பட்டமாகத் தெரியும். அதை வைத்துப் பிற்பாடு பதிப்புரிமை வழக்கே நடந்தது.

உங்களைக் குழப்புவது 1983இன் 'எலிமினேட்டர்' ஆல்பமாகத்தான் இருக்கும். சிந்தசைசர், டிரம் மெஷின், அப்புறம் எம்டிவி இசைச் சேனலில் ஓயாமல் ஓடிய அந்தச் சிவப்புக் கார் வீடியோக்கள். விற்பனை அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தொட்டது. மின்னணுப் பூச்சு எனக்கும் கொஞ்சம் திகட்டும். ஆனால் 'ஷார்ப் டிரெஸ்ட் மேன்' பாட்டில் கிப்பன்ஸின் சோலோ (தனி வாசிப்பு) வரும் இடத்தில் கவனியுங்கள். கம்பிகள்மேல் சிறு குழாயை வழுக்கவிட்டு வாசிக்கும் ஸ்லைடு கிதார் நழுவி இழைவது சுத்தமான ப்ளூஸ். அவர் மிக மெல்லிய கம்பிகளில் வாசிப்பவர், கம்பியை இழுத்துச் சுரத்தை வளைப்பது அவருக்குச் சர்வ சாதாரணம்.

1990களில் சிந்தசைசரைக் குறைத்துப் பழைய பாணிக்கே திரும்பினார்கள். 2021இல் ஹில் இறக்கும்வரை அதே மூவர்தான். அவர் விருப்பப்படி, நெடுநாள் கிதார் உதவியாளர் எல்வுட் பிரான்சிஸ் அந்த இடத்துக்கு வந்தார்.