வீட்டில் திருட்டு நடந்தால் காப்பீட்டுத் தொகையைக் கேட்டு வாங்குவது எப்படி?

வெளியே போய்விட்டுத் திரும்பினால் கதவு உடைந்து கிடக்கிறது, நகையும் லேப்டாப்பும் இல்லை, வீட்டுக் காப்பீடு இருக்கிறது, முதலில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதையும் தொடாமல் போலீசைக் கூப்பிடுங்கள். புகாரின் நகலோ எண்ணோ இல்லாமல் கோரிக்கை நகராது. அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். தாமதத்தையே காரணம் காட்டி மறுக்க வாய்ப்பு உண்டு. உடைந்த பூட்டைப் படம் எடுத்த பிறகு பழுது பாருங்கள், ரசீதை வைத்திருங்கள். பல பாலிசிகளில், உடைத்து நுழைந்ததற்கு அடையாளம் இருந்தால்தான் பணம்.

அப்புறம் திருடு போன பொருட்களின் பட்டியல். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பில் இல்லையென்றால் வங்கிக் கணக்கு விவரம், வரிசை எண் அச்சிட்ட அட்டைப்பெட்டி (தூக்கிப் போடாதவர்கள் பாக்கியவான்கள்), அந்த நகையைப் போட்டிருக்கும் கல்யாணப் படம், எல்லாமே உதவும். போலீசிடம் தந்த பட்டியலும் இதுவும் ஒத்துப்போகட்டும். விடுபட்ட பொருள் பிறகு தெரிந்தால் இரண்டு இடத்திலும் சேர்த்துச் சொல்லுங்கள். திருடு போகாததைச் சேர்த்தால் மொத்தக் கோரிக்கையும் போய்விடும்.

இழப்பைக் கணக்கிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் வருவார். கேட்ட தொகை முழுதாக வராமல் போவது சகஜம்: பழைய பொருளுக்குத் தேய்மானம் கழிப்பார்கள், நகைக்கும் ரொக்கத்துக்கும் தனி உச்சவரம்பு இருக்கும். வீட்டுப் பொருட்களைப் பாதி மதிப்புக்கே காப்பீடு செய்திருந்தால், பல பாலிசிகளில் இழப்பிலும் பாதிதான் கிடைக்கும். குறைத்தாலோ மறுத்தாலோ, எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.